காலி ரூம் இருக்கு... வாடகைக்கு விடலாமா?

மாசாமாசம் அரசாங்கம் உதவிப் பணம் தருகிறது. வீட்டில் ஒரு ரூம் சும்மா கிடக்கிறது. வாடகைக்கு விட்டால் நாலு காசு வருமே என்று ஆசை வருமா, வராதா? ஆனால் இந்தக் கையில் வாடகை வந்ததும், அந்தக் கையிலிருந்து உதவியைப் பிடுங்கிக்கொண்டால்? பிரிட்டனில் இது ரொம்ப சீரியஸான கேள்வி ஸார்!

முதலில் நல்ல சேதி. குடியிருக்கும் வீட்டில், கட்டில் மேஜையோடு ஒரு ரூமை விட்டால், 2016 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்கு 7,500 பவுண்ட் வரை வருமான வரி கிடையாது. 'ஏர்பிஎன்பி' விருந்தாளிக்கும் இது பொருந்தும்.

"அப்புறமென்ன, ஜாலிதான்!" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். வரி ஆபீஸ் வேறு, உதவித்தொகை ஆபீஸ் வேறு!

2013-ல் 'யூனிவர்சல் கிரெடிட்' வந்தது. இதில், வீட்டோடு தங்கும் 'லாட்ஜர்' தரும் வாடகை வருமானக் கணக்கிலேயே சேராது. மாதம் 400 பவுண்டா? அப்படியே பாக்கெட்டுக்கு!

அதுவே, தினம் ஒரு விருந்தாளி, புதுப் படுக்கை விரிப்பு, காலை டிபன் என்று தொழிலாக நடத்தினால்? நீங்கள் சுயதொழில்காரர். செலவு போக நிற்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவியில் 55 பென்ஸ் வெட்டு. 400 லாபம் என்றால் 220 போச்சு, மிச்சம் 180. (குழந்தை இருப்பவர்களுக்கும், உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் ஒரு தொகை வரை விலக்கு உண்டு.)

ஓய்வூதிய வயதுக்காரர்கள் பெறும் பழைய 'ஹவுசிங் பெனிஃபிட்'டில் கணக்கே வேறு. வாரம் 100 பவுண்ட் வாடகை வந்தால், 20-ஐ விட்டுவிட்டு 80-ஐ வருமானமாக எடுப்பார்கள். சாப்பாடும் சேர்த்துப் போட்டால் அந்த 80-இல் பாதிதான் கணக்கு. சமையல் தெரிந்தவர்களுக்கு யோகம்!

இன்னும் சில கண்ணிகள்:

* வாடகையைச் சேர்த்து வைத்தாலும் வம்பு. சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால், ஒவ்வொரு 250-க்கும் மாதம் 4.35 பவுண்ட் குறையும். 16,000-ஐத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட்டே 'கட்'!

* கவுன்சில் வீட்டில் ஒரு ரூம் அதிகமிருந்தால் வாடகை உதவியில் 14 சதவீதம் வெட்டு. யூனிவர்சல் கிரெடிட்டில், லாட்ஜர் இருக்கும் ரூமும் 'காலி ரூம்'தான்!

* தனியாக இருப்பவருக்கு உள்ளாட்சி வரியில் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. லாட்ஜர் நிரந்தரமாகக் குடிவந்தால் பெரும்பாலும் அது போய்விடும். நாலு நாள் விருந்தாளியால் போகாது.

* கவுன்சில் வீட்டை முழுசாக உள்வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்காவது போய்க் குடியிருந்தால், 2013 சட்டப்படி அது கிரிமினல் குற்றம்.

ஆகவே, முதல் விருந்தாளி பெட்டியோடு வந்து நிற்கும் முன்பே, உதவித்தொகை ஆபீசுக்குச் சொல்லிவிடுவதுதான் உத்தமம். வரவு செலவு ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறைத்துவிட்டுப் பின்னால் மாட்டினால், வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டும், அபராதமும் வரலாம்.

வேலை விசாவில் லண்டன் போயிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. விசாவிலேயே 'அரசு உதவி கிடையாது' என்று நிபந்தனை போட்டுத்தானே அனுப்புகிறார்கள்!