புது எஞ்சினுக்கு ஏன் இந்தப் பத்தியம்?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்)

ஆசை ஆசையாய்ப் பணம் சேர்த்து ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறார். கூடவே வரும் கையேட்டைப் பிரித்தால், “கொஞ்ச நாளைக்கு வேகமாக ஓட்டாதீர்கள்” என்று போட்டிருக்கிறது. வேகத்துக்காகவே வாங்கின வண்டிக்கு இது என்ன பத்தியம் என்று அவருக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. எம்3 காரையே எடுத்துக்கொள்வோம். 2007-ல் வந்த மாடலின் வி8 எஞ்சின் 8,000 ஆர்.பி.எம்.மையும் தாண்டிச் சுற்றக்கூடியது. ஆனால் முதல் 2,000 கி.மீ. வரை 5,500-ஐத் தாண்டக் கூடாது, மணிக்கு 170 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அமெரிக்காவின் கார்வெட்டுக்கு முதல் 500 மைல், அதாவது சுமார் 800 கி.மீ. வரை 4,000 ஆர்.பி.எம்.தான் எல்லை. இதைத்தான் ‘ரன்னிங் இன்’ என்கிறோம்.

வைவாவில் இதற்குக் காரணம் கேட்டால், “உராய்வு குறையும் சார்” என்று சொல்லிவிட்டு நிற்கிறோம். அது பாதி பதில்தான். மீதிப் பாதி சிலிண்டர் சுவரில் இருக்கிறது.

சிலிண்டரை போரிங் செய்தபின் ஹோனிங் செய்வதைப் படித்திருக்கிறோம். ஹோனிங் கல் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போவதால், சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழுகின்றன. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அது மேடும் பள்ளமும்தான். பள்ளம் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேடு, பிஸ்டன் ரிங்கோடு உரசி மழுங்க வேண்டும். ரிங்கும் சுவரும் இப்படி ஒன்றுக்கொன்று படிந்த பிறகுதான் கேஸ் கசியாமல் அடைபடும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். ரிங் தன்னுடைய சொந்த விறைப்பால் சுவரை அழுத்துவது கொஞ்சம்தான். எரிந்த வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளுவதுதான் பெரிய அழுத்தம். எஞ்சினுக்கு லோடு கொடுத்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். ஆகவே புது வண்டியை ஐட்லிங்கிலேயே போட்டு வைப்பதும், டாப் கியரில் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே போவதும் நல்லதல்ல. ரிங் சரியாகப் படியாமல், எண்ணெய் சூட்டில் கருகி ஹோனிங் கோடுகளை மூடிவிடும். சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதற்கு ‘கிளேசிங்’ என்று பெயர். அப்புறம் எத்தனை ஆயிரம் கி.மீ. ஓட்டினாலும் ரிங் படியாது. எண்ணெய் குடிக்கும், நீலப்புகை தள்ளும். எஞ்சினைப் பிரித்து மறுபடி ஹோனிங் செய்வதைத் தவிர வழியில்லை.

அப்படியானால் முதல் நாளே ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிக்கலாமா? அதுவும் கூடாது. மேடுகள் மழுங்காத நிலையில் வேகம் அதிகமானால், அந்த முனைகளில் சூடு ஏறி எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். உலோகத்தோடு உலோகம் ஒட்டிக் கீறும். இது ‘ஸ்கஃபிங்’. இதற்கும் அதே வைத்தியம்தான்.

“மெதுவாக ஓட்டு” என்பவரும், “நன்றாக மிதித்து ஓட்டு” என்பவரும் ஆளுக்குப் பாதி உண்மை சொல்கிறார்கள். சரியான முறை இதுதான்: முதலில் எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும். பிறகு மிதமான லோடு கொடுத்து வேகத்தைக் கூட்டுங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் இறங்க விடுங்கள். மறுபடி கூட்டுங்கள். கியரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

படிய வேண்டியது எஞ்சின் மட்டுமல்ல. டிஃபரன்ஷியலில் கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அப்போது உதிரும் உலோகத் துகள் எண்ணெயில் கலக்கும். எம் வகைக் கார்களுக்கு 2,000 கி.மீ.யில் எஞ்சின் எண்ணெயோடு டிஃபரன்ஷியல் எண்ணெயையும் மாற்றச் சொல்வது இதனால்தான். பிரேக் பேடு டிஸ்க்கில் படிய வேண்டும். புது டயரின் மேல்தோல் தேய்ந்தால்தான் ரோட்டை நன்றாகப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை! ஒரு வண்டியின் விதியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். ஹோண்டா, தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெயைக் குறித்த நேரத்துக்கு முன்னால் மாற்றாதே என்கிறது. 2007-ல் வந்த நிஸ்ஸான் ஜி.டி.ஆர். காரில் இரும்பு லைனரே கிடையாது. அலுமினியச் சுவரின் மேல் பிளாஸ்மா முறையில் தெளித்த மெல்லிய உலோகப் பூச்சுதான். சுவர் மாறினால் பத்தியமும் மாறும்.

நாளை நாம் சர்வீஸ் ஸ்டேஷனில் நிற்கும்போது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்காரர் கேட்பார்: “எப்படித் தம்பி ஓட்டணும்?” அவருடைய பல வருடச் சம்பாத்தியம் நம் பதிலை நம்பி நிற்கும். “பார்த்து ஓட்டுங்க சார்” என்று அனுப்பிவிடாமல், அந்த வண்டியின் கையேட்டைப் பிரித்துக் காட்டி, காரணத்தையும் சேர்த்துச் சொல்வோம். காரணம் தெரிந்தவர்தான் பத்தியத்தை ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்!