நிற்கும் ரயில் பொய் சொல்லாது

மேஜை மேல் ஓடும் குட்டி ரயிலின் ஒயர் கோளாறுகளில் நிஜ ரயிலுக்கான எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது.

2022 ஆகஸ்ட் இறுதியில் கொச்சியில் கொட்டித் தீர்த்த மழையில் எர்ணாகுளம் ஜங்ஷன் தண்டவாளங்கள் நீரில் மூழ்கின. சிக்னல்கள் முடங்கின, ரயில்கள் தாமதமாயின. பயணிகளுக்கு எரிச்சல். ஆனால் சிக்னல் பொறியியலின் கணக்கில் இது கௌரவமான கோளாறு. ரயிலை நிறுத்திவிடும் கோளாறு பெரும்பாலும் யாரையும் கொல்வதில்லை.

ஜங்ஷனிலிருந்து காயலைக் கடந்தால் மட்டாஞ்சேரி. மிளகும் சுக்கும் மணக்கும் இந்தப் பழைய வணிகப் பேட்டையில் உப்புக் காற்று எந்த உலோகத்தையும் எளிதில் விட்டுவைப்பதில்லை. இங்கே ஒருவர் மாடி அறையில் பலகை போட்டு மாதிரி ரயில் பாதை அமைத்தால், ஜங்ஷனின் தொல்லைகள் எல்லாம் சிறிய அளவில் அவரைத் தேடி வரும்.

உலகெங்கும் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவு மாதிரி, நிஜ ரயிலில் 87ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இரண்டு தண்டவாளங்களும்தான் இங்கே மின்கம்பிகள். பழைய முறையில் 12 வோல்ட் டி.சி. மின்சாரம் ஒன்றில் வந்து, என்ஜினின் மோட்டாரைச் சுழற்றிவிட்டு, மற்றொன்றில் திரும்புகிறது. ஆகவே தண்டவாளத்தில் படியும் அழுக்கும் ஒயரிங் கோளாறுதான். மலிவான பித்தளைத் தண்டவாளம் ஈரக்காற்றில் சீக்கிரமே கறுத்துவிடும். நிக்கல் சில்வர் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

என்ஜின் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் குற்றவாளி அந்த இடத்தில் இருக்கிறது: அழுக்கு அல்லது இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சிறு இணைப்புத் தகட்டின் தளர்ச்சி. வேறு வேறு இடங்களில் நின்றால் குற்றவாளி என்ஜினுடனேயே பயணம் செய்கிறது: சக்கரத்தில் அழுக்கு. டிரான்ஸ்பார்மரிலிருந்து விலக விலக ஓட்டம் தளர்ந்தால், ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் இழக்கப்படுகிறது என்று பொருள். பலகையின் அடியில் தடித்த ஒயர் இரண்டை ஓடவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதிலிருந்து தனி இணைப்பைப் பற்றவைப்பதே இதற்கு நிரந்தர மருந்து.

இந்த இடத்தில்தான் பலர் மல்டிமீட்டரிடம் ஏமாறுகிறார்கள். ஒற்றை இழையில் தொங்கும் அறுந்த ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டர் கேட்பது மிகமிகச் சிறிய மின்னோட்டம்; அதை அந்த இழை கொடுத்துவிடும். என்ஜின் கேட்பதைக் கொடுக்காது. எனவே 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை எரியவிட்டபடி அளக்க வேண்டும். சுமை ஏறியதும் வோல்டேஜ் சரிந்தால் இணைப்பின் சாயம் வெளுத்துவிடும்.

எங்கோ ஷார்ட் ஆகி மொத்தப் பாதையும் அணைந்துபோனால் ஒவ்வொரு ஒயராகத் துழாவுவது வீண் வேலை. பாதையைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியைக் கழற்ற வேண்டும். கோளாறு மறைந்தால் அது கழற்றிய பாதியில், இல்லையேல் மிச்சத்தில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 16 பகுதிகள் உள்ள பாதையிலும் 4 சோதனைகளில் இடம் தெரிந்துவிடும். வளைந்து வந்து தன் பாதையிலேயே சேரும் லூப் இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே இடது தண்டவாளம் வலதோடு போய் முட்டுகிறது. லூப்பின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களிலும் இடைவெளி வெட்டி, துருவங்களை மாற்றும் சுவிட்ச் வைத்தால் ஒழிய ஷார்ட் தீராது.

நிஜ ரயிலின் தண்டவாளத்திலும் மின்சாரம் உளவு பார்க்கிறது. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872ல் காப்புரிமை பெற்ற 'டிராக் சர்க்யூட்'டில் சிறு மின்னோட்டம் தண்டவாளங்கள் வழியே பாய்ந்து ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்ததும் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விழும், சிவப்பு எரியும். பாட்டரி தீர்ந்தாலும், ஒயர் அறுந்தாலும், வெள்ளத்தில் மின்சாரம் கசிந்தாலும் இதே சிவப்புதான். இந்த அமைப்பின் அறம் எளிமையானது: சந்தேகம் வந்தால் நிறுத்து. ஆனால் துருவிடம் மட்டும் ஜாக்கிரதை. எப்போதாவது ரயில் ஓடும் பாதையில் துரு ஏடு படிந்தால் சக்கரம் சரியாகத் தொடாமல், நிற்கும் ரயிலே சர்க்யூட்டின் கண்ணுக்கு மறைந்துவிடலாம்.

மேஜை ரயிலில் இந்த அறத்தை மீறுவது மிகச் சுலபம். பச்சை, சிவப்பு எல்.இ.டி.களை, தலா 1,000 ஓம் ரெசிஸ்டர் சேர்த்து, பாயின்டை இயக்கும் பொத்தானோடு இணைத்துவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். பொத்தானை அழுத்தினால் பச்சை அழகாக எரியும். ஆனால் மோட்டார் சிக்கி, பாயின்ட் நகராமல் போனாலும் அதே பச்சை எரியும். விளக்கு சொல்வது பொத்தானின் நிலையை. பாதையின் நிலையை அல்ல. விளக்குக்கான ஒயரைப் பாயின்டின் நாக்கு உண்மையிலேயே நகர்ந்து முடிந்த பிறகு தொடும் சுவிட்சிலிருந்து எடுக்க வேண்டும். மேஜையில் இந்தத் தவறுக்குத் தண்டனை ஒரு பெட்டி கவிழ்வது.

நிஜத்தில் அதன் விலையை 2023 ஜூன் 2 மாலை நாடு பார்த்தது. ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாஹாநாகா பஜார் நிலையம். ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் நேராகச் செல்லப் பச்சை விளக்கு. பாயின்ட் திரும்பியிருந்ததோ லூப் லைனை நோக்கி. அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. சிதறிய பெட்டிகளில் பெங்களூரு-ஹவுரா ரயிலும் சிக்கியது. 290க்கும் அதிகமானோர் மாண்டனர். லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றும் பணியிலும் அதற்கு முன்பும் சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களின் குறைபாடே காரணம் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. ஒயர்களின் அடையாள எழுத்துகள் தவறாக இருந்ததும் வெளிவந்தது. அதைவிட உறுத்தும் தகவல்: 2022 மே 16 அன்று காரக்பூர் கோட்டத்தின் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில் தவறான ஒயரிங்கால் இதுபோன்ற கோளாறு ஏற்கெனவே தலைகாட்டியிருந்தது. அப்போதே பாடம் கற்றிருந்தால் பாஹாநாகா தவிர்க்கப்பட்டிருக்கும்.

பாஹாநாகாவில் அந்தக் கணம் வரை எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. கோளாறு தேடும் வேலையின் கடினமான பாதி அதனால்தான் பழுது நீக்கிய பிறகு தொடங்குகிறது. ரயில் மறுபடி ஓடுவது மட்டும் அத்தாட்சி ஆகாது. ஒவ்வொரு பாயின்டையும் இருபுறமும் திருப்பி, ஒவ்வொரு முறையும் விளக்கையும் நாக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒயரை வேண்டுமென்றே கழற்றி, சிவப்பு வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளிலும் ஒரே எண், அதே எண் வரைபடத்திலும். தற்காலிகமாக இழுத்த ஒயர் என்று ஒன்று இருக்கவே கூடாது. அடுத்த வருடம் அதைத் தொடுபவருக்கு அதன் வரலாறு தெரியாது.

தெற்கு ரயில்வேயின் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குப் பயிற்சி தரும் திருச்சி மையத்திலும் மாதிரிப் பாதையும் சிக்னல்களும் கொண்ட அறை உண்டு. அங்கே தவறு செய்தால் ஆசிரியர் திட்டுவார், அவ்வளவுதான். மட்டாஞ்சேரி மாடியில் உப்புக் காற்றோடு மல்லாடும் பொழுதுபோக்காளருக்கும் அதே சலுகை. குட்டி என்ஜின் நட்டநடுப் பாதையில் அடம்பிடித்து நின்றால் அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது தன் கோளாறை ஒப்புக்கொள்கிறது. பச்சையைக் காட்டிச் சிரிக்கும் விளக்கைத்தான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.