இமாம் கஸ்ஸாலியாரும் குணத்திருத்தமும்

பிறவிக்குணம் மாறாது என்னுங் கூற்று உலகிற் பலரிடத்தும் உண்டு. அஃது உண்மையாயின், அறநூல்களும் ஆசிரியர் அறிவுரைகளும் பயனிலவாய் முடியுமன்றோ? இவ்வினாவிற்கு விடை கண்டோருட் சிறந்தவர், பாரசீகத்துத் தூஸ் நகரிற் பிறந்த இமாம் கஸ்ஸாலியார் (1058 - 1111) ஆவர்.

இவர் 1091-இல் பாக்தாத் நகரத்து நிஜாமியாக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்து பெரும்புகழ் எய்தினார். பின்னர்த் தாம் கற்பித்தல் இறைவன் பொருட்டோ, புகழ் பொருட்டோ எனத் தம்மைத்தாமே ஆராய்ந்துழிப் புகழ் வேட்கையே காரணமெனக் கண்டார். பதவியைத் துறக்கவும் மாட்டாது, அதனில் நிலைக்கவும் மாட்டாது ஏறக்குறைய ஆறு திங்கள் அலமந்தார். இறுதியில் நா எழாமையின் பாடஞ்சொல்லுதலும் நின்றது. 1095-இல், மக்களுக்கு வேண்டுவதொழித்து ஏனைப் பொருளைப் பகிர்ந்தளித்து, அந்நகரை நீங்கினார்.

இதன்பின் அவர் அரபு மொழியில் யாத்த பெருநூல் 'இஹ்யா உலூமித்தீன்' என்பது. வழிபாடு, உலகவொழுக்கம், கெடுப்பன, உய்ப்பன என நாற்பகுதியும், பகுதிக்குப் பத்தாக 40 இயல்களும் உடையது அது. வெகுளி, அழுக்காறு, உலோபம், செருக்கு முதலியன மூன்றாம் பகுதியில் ஆராயப்படுகின்றன.

அவர் கருத்துப்படி குணமாவது, எண்ணிப்பாராமலே செயல் எளிதிற் பிறத்தற்கு நிலைக்களனாக உள்ளத்து ஊன்றிய தன்மை. மனம் வருந்தி ஒருகால் ஈவோன் ஈகைக்குணம் உடையனாகான். ஆயினும், அவ்வாறு பலகால் ஈந்து பழகின் அதுவே இயல்பாய் அமையும். கையெழுத்துத் திருந்துவதும் இங்ஙனமே. பேரீச்சங்கொட்டை மரமன்று, பேணி வளர்ப்பின் மரமாம். ஆயின் அதனைப் பிறிதொரு மரமாக்குதல் இயலாது. அதுபோல, வெகுளியை வேரோடு களைதல் மக்கட்கு இயல்வதன்று, அடக்கியாளுதலே இயல்வது. வெகுளி வேட்டைநாய் போல்வது; பழக்கப்பட்டுழி வேட்டுவனுக்குத் துணையாம், பழக்கப்படாவழி அவனுக்கே கேடாம்.

தன் குற்றத்தைத் தான் காண்டல் அரிது. ஆகலின் ஆசிரியன், மெய்ந்நண்பன், பகைவன் சொல், பிறர்பாற் காணும் குற்றம் என்னும் நான்கனையும் அதற்கு வாயிலாகக் கூறினார். முகமன் கூறும் நண்பனினும் குறை கூறும் பகைவனால் நன்மை மிகும் என்பது அவர் துணிபு.

1106-இல் நிஷாப்பூரில் மீண்டும் ஆசிரியரானார். முன்பு புகழ் தேடக் கற்பித்தவர், இப்பொழுது புகழாசையைத் துறக்கும் வழியைக் கற்பிப்பதாகக் கூறினார். தொழில் ஒன்றே, நோக்கம் வேறு. எனினும் கருதிய பயனை எய்துவேனோ, இடையே இறப்பேனோ என ஐயுற்றும் எழுதினார். அத்துணைப் பெரியார்க்கும் அகப்போர் முடிந்ததாகத் தோன்றவில்லை. ஒருநாட் பயிற்சியால் திருந்திவிட்டோம் எனச் செருக்குவார் இதனை உணர்வாராக.