உள்ளங்கை அரிக்கிறதா? கர்ப்பிணிகள் அலட்சியம் செய்யக் கூடாது!

"வயிறு அரிக்கிறதா? பிறக்கப் போகும் குழந்தைக்குத் தலை நிறைய முடி இருக்கும்!"

கர்ப்பிணிப் பெண்ணிடம் வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொல்வது வழக்கம். அந்தப் பெண்ணும் அதைக் கேட்டு மகிழ்ந்து போவாள்.

ஆனால், குழந்தையின் முடிக்கும் தாயின் அரிப்புக்கும் சம்பந்தமே இல்லை. குழந்தை பனிக்குடத்து நீரில் மிதக்கிறது. அதன் முடி தாயின் தோலைத் தொடுவதே இல்லை.

அப்படியானால் அரிப்பு ஏன் வருகிறது? காரணங்கள் பல. பெரும்பாலானவை பயப்பட வேண்டாதவை. ஒன்று மட்டும் அப்படி அல்ல. அது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதை அடையாளம் தெரிந்து கொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

தானாக மறையும் கருமை

கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடலில் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருளும் அதனால் அதிகம் உண்டாகிறது. கழுத்து, அக்குள் முதலிய இடங்கள் கறுக்கின்றன. தொப்புளுக்குக் கீழே ஒரு கருங்கோடு விழுகிறது. சிலருக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் "மங்கு" படர்கிறது.

இது நோய் அல்ல. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் கருமை பெரும்பாலும் குறைந்து விடும். வெயில் பட்டால் மங்கு அதிகமாகும். வெளியே போகும்போது குடை பிடித்துக் கொண்டால் நல்லது.

வயிறு பெரிதாகும்போது தோல் விரிகிறது. அதனால் வரிவரியாகக் கோடுகள் விழுகின்றன. சொறிவதால்தான் கோடு விழுகிறது என்பது தவறு. எந்த எண்ணெயும் எந்தக் களிம்பும் இந்தக் கோடுகளை நிச்சயமாகத் தடுத்து விடும் என்று சொல்ல முடியாது. ஆனால், தேங்காய் எண்ணெய் தடவினால் தோலின் வறட்சி குறையும். அரிப்பும் சற்று அடங்கும்.

தடிப்பும் கொப்புளமும்

முதல் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் சிலருக்கு வயிற்றுக் கோடுகளின் மேல் சிவந்த தடிப்புகள் கிளம்பும். தொடைக்கும் பரவும். தொப்புளைச் சுற்றி மட்டும் தடிப்பு இராது. அரிப்பு தாங்க முடியாது. ஆனாலும் இதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பிரசவமான சில வாரங்களில் மறைந்து விடும். அதுவரை அரிப்பைத் தணிக்க டாக்டர் மருந்து கொடுப்பார்.

தொப்புளைச் சுற்றியே அரிப்பு தொடங்கி, நீர்க் கொப்புளங்கள் வந்தால் அது வேறு. இந்த நோய் அபூர்வம். ஆனால், இதனால் குழந்தை எடை குறைவாகவோ, மாதம் நிறையாமலோ பிறக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆபத்தான அரிப்பு எது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

தோலில் தடிப்பு இல்லை. கொப்புளம் இல்லை. ஆனால் அரிக்கிறது. அதிலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் அதிகமாக அரிக்கின்றன. இரவில் தூக்கமே போய்விடுகிறது. பெரும்பாலும் 7-வது மாதத்துக்குப் பிறகு இப்படி வருகிறது.

இது தோல் நோய் அல்ல. ஈரலில் ஏற்படும் கோளாறு!

ஈரல், பித்த நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. சில கர்ப்பிணிகளுக்கு அது சரியாக வெளியேறாமல் தேங்கிவிடுகிறது. பித்த அமிலம் ரத்தத்தில் கலக்கிறது. அதன் விளைவுதான் இந்த அரிப்பு. சிலருக்குச் சிறுநீர் அடர்ந்த நிறமாகப் போகும். மலம் வெளுத்துப் போகும். மிகச் சிலருக்குக் கண் மஞ்சளாகும்.

"பித்தம்" என்றதும் தலைச்சுற்றலும் வாந்தியும் நினைவுக்கு வரலாம். இது அந்தப் பித்தம் அல்ல. இஞ்சிச் சாற்றிலோ, கீழாநெல்லியிலோ நாட்களைக் கடத்தக் கூடாது.

இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இது சற்று அதிகமாகவே வருகிறது. இங்கிலாந்தில் பொதுவாக 1,000 கர்ப்பிணிகளில் 7 பேருக்கு இந்நோய் காணப்படுகிறது. அங்கே வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களில் 12 முதல் 15 பேருக்குக் காணப்படுகிறது. தாய்க்கோ, அக்காள் தங்கைக்கோ இருந்திருந்தால் வருவதற்கு வாய்ப்பு அதிகம். முந்திய கர்ப்பத்தில் வந்தவருக்கு மறுபடியும் வரக்கூடும். இரட்டைக் குழந்தை சுமப்பவருக்கும் அப்படியே.

ரத்தம் சொல்லும் கணக்கு

நோய் எவ்வளவு கடுமை என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். ரத்தத்தில் பித்த அமிலம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள்.

பல நாடுகளைச் சேர்ந்த 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்நோய்க் கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி, 2019-ம் ஆண்டு "லான்செட்" மருத்துவப் பத்திரிகை ஓர் ஆய்வை வெளியிட்டது. அமில அளவு லிட்டருக்கு 40 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தவர்களில், குழந்தை வயிற்றிலேயே இறந்தது 1,000-க்கு ஒன்று என்ற அளவில்தான். 40 முதல் 99 வரை இருந்தவர்களில் 1,000-க்கு 3. அளவு 100-ஐ எட்டியவர்களில் 1,000-க்கு 34!

ஆகவே, எல்லோரும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால், தன் அளவு என்ன என்பது தெரிய வேண்டும். அளவு மிக அதிகமானால் டாக்டர்கள் காத்திருக்க மாட்டார்கள். 35 அல்லது 36-வது வாரத்திலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். குழந்தையைக் காப்பாற்றும் வழி அதுதான். பிரசவத்துக்குப் பின் தாயின் அரிப்பும் நின்றுவிடும். ஈரலும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வீடு முழுவதும் சொறிந்தால்?

கணவருக்கும் குழந்தைகளுக்கும் சேர்ந்து அரிக்கிறதா? விரல் இடுக்கில் பொரி பொரியாக இருக்கிறதா? அது சொறி சிரங்காக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருவது. இதற்குரிய "பெர்மெத்ரின்" களிம்பைக் கர்ப்பிணிகளும் டாக்டர் சொல்படி பூசலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். துணிமணி, போர்வைகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் நோய் திரும்பி வரும்.

கண்ட களிம்பைப் பூசாதீர்கள்

கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் "ஸ்டீராய்டு" கலந்திருக்கிறது. படர்தாமரைக்கு அதைப் பூசினால் முதலில் அரிப்பு நிற்கும். பிறகு முன்னைவிட அதிகமாகப் பரவும்.

"சிவப்பழகு" தருவதாகச் சொல்லும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியே ரத்தத்தில் சேரும். தாயிடமிருந்து சிசுவுக்கும் போகும். கேரளத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே சிறுநீரக நோயுடன் வந்த பலர் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்கள் என்று டாக்டர்கள் கண்டார்கள். பிள்ளைப் பேற்றுக்குப் பின் தானாகக் குறையும் மங்குக்காக இந்த விஷத்தை விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

முகப்பருவுக்குக் கொடுக்கும் "ஐசோட்ரெட்டினாயின்" மாத்திரை இன்னும் ஆபத்தானது. 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மருந்து இது. கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தையின் காது, இருதயம், மூளை ஊனமாகலாம். இதைச் சாப்பிடும் பெண், நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது.

வீட்டார் கவனிக்க!

சாதாரண அரிப்புக்குச் சில எளிய வழிகள் உண்டு. கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவலாம். தளர்வான பருத்தி ஆடை உடுத்தலாம். நகங்களை ஒட்ட வெட்டிக் கொள்ளலாம். "காலமைன்" மருந்தும் பூசலாம்.

ஆனால், தடிப்பு இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊருக்கு வரும் சுகாதார நர்சிடம் சொன்னாலும் வழி காட்டுவார். குழந்தையின் அசைவு குறைந்தால் மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் கிளம்ப வேண்டும்.

"நாங்கள் பெறாத பிள்ளையா?" என்று சில மாமியார்கள் கேட்கலாம். பெற்றவர்கள்தான்! ஆனால், அந்த நாளில் இந்த ரத்தப் பரிசோதனை கிடையாது. இன்று இருக்கிறது. மருமகள் இரவில் தூங்காமல் கையைச் சொறிந்து கொண்டு உட்கார்ந்திருந்தால், அதை முதலில் பார்ப்பவர் அந்த மாமியாராகத்தான் இருப்பார். காலையில் அவரே அழைத்துப் போகலாம். பிறக்கப் போவது அவருடைய பேரக் குழந்தை அல்லவா?