குந்தவை என்று பெயர் வைக்கலாமா?

வானதி, பூங்குழலி, அருள்மொழி என்று 'பொன்னியின் செல்வன்' நம் வீடுகளில் பரப்பிய பெயர்கள் பல. பள்ளி வருகைப் பதிவேட்டில் வானதி இருப்பாள், பூங்குழலியும் இருப்பாள். அந்தக் கதையையே நடத்திச் செல்லும் குந்தவையை மட்டும் பார்ப்பது அரிது. மணிரத்னம் இயக்கிய படத்தின் இரு பாகங்களும் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தன. திரிஷா குந்தவையாக நடித்தார். அதற்குப் பிறகு பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இந்தப் பெயரருகில் சற்று நின்று யோசிக்கிறார்கள். இதற்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது, இன்றைக்கு எடுபடுமா என்று அவர்கள் கேட்பார்கள். மூன்று கேள்விக்கும் இங்கே விடை பார்ப்போம்.

பொருள் என்ன?

பெயரின் பின்பாதி எளிது. தாய், வயதில் மூத்த பெண் என்று பொருள்படும் 'அவ்வை' என்ற சொல்லின் சுருங்கிய வடிவமே இந்த 'அவை'. பாரி மகளிருக்குப் பிற்கால வழக்கு கொடுத்த அங்கவை, சங்கவை என்ற பெயர்களிலும் இதே ஒலி வருகிறது. கன்னட, தெலுங்கு நாடுகளில் இது அவ்வா, அவ்வே, அப்பே என்று வழங்கியது. ரன்னன் என்ற கன்னடக் கவிஞரை ஆதரித்த அத்திமப்பே, சோழ இளவரசி குந்தவையின் காலத்தில் வாழ்ந்தவர். அந்த நாளில் தென்னாட்டுப் பெரிய வீட்டுப் பெண்களின் பெயருக்குப் பின்னால் மரியாதைக்காகச் சேர்ந்த ஒட்டு இது. நாம் லட்சுமி அம்மாள் என்று சொல்வதற்குச் சமம்.

சிக்கல் முன்பாதியில்தான். வடமொழியில் 'குந்த' என்று தமிழில் எழுதத்தக்க சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று மல்லிகை வகைப் பூவைக் குறிக்கும். மற்றொன்று வேல் அல்லது ஈட்டியைக் குறிக்கும். வடமொழியில் இரண்டுக்கும் 'த' எழுத்து வேறு. தமிழில் ஒரே 'த' என்பதால் நம் கல்வெட்டுகளை வைத்து எதுவென்று பிரிக்க முடியாது. ஆனால் இதே பெயர் ஆந்திர நாட்டுச் செப்பேடுகளில் 'குந்தவா' என்று வருகிறது. அங்கே பூவுக்குரிய எழுத்தே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வேலைவிட மல்லிகைக்கே இடம் அதிகம். யாராவது குந்தவை என்றால் பேரறிவு உடையவள், அரசாளப் பிறந்தவள் என்று சொன்னால், அவர் சொல்வது பெயரின் பொருள் அன்று, அந்தப் பெயரைத் தாங்கிய ஒருவரின் புகழ்.

எங்கிருந்து வந்தது?

பலரும் இதைத் தஞ்சாவூர் மண்ணில் முளைத்த பெயர் என்றே நினைக்கிறார்கள். வரலாறு நம்மைக் கோதாவரிக் கரைக்கும் அழைத்துப் போகிறது.

பத்தாம் நூற்றாண்டின் நடுவில் சிறிது காலம் ஆண்ட அரிஞ்சய சோழனின் தேவியருள் ஒருவர் வீமன் குந்தவையார். வீமன் என்பது தந்தையின் பெயர். கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கியர் குலத்தில் அந்தப் பெயருடைய அரசர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மகளே இவர் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன். அவன் தன் மகளுக்குக் குந்தவை என்றே பெயரிட்டான். பாட்டி முறையில் இருந்தவரின் பெயர் பேத்திக்கு வந்தது.

அந்தப் பேத்தியின் தம்பிதான் 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன். அவன் தன் மகளுக்குத் தமக்கையின் பெயரை வைத்தான். இந்த இளைய குந்தவையை வேங்கி இளவரசன் விமலாதித்தனுக்கு மணம் செய்து கொடுத்தான். அவர்களுக்குப் பிறந்த மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர் கிடைத்தது. ராஜராஜ நரேந்திரன் என்ற அந்த மன்னன்தான், நன்னய்யாவைக் கொண்டு மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கச் செய்தவன். ராஜமகேந்திரவரம் என்ற ஊரோடு அவன் பெயர் இன்றும் சேர்ந்தே பேசப்படுகிறது.

நரேந்திரன் மணந்தது ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கா தேவியை. அவர்களுடைய மகன் 1070-இல் சோழ அரியணை ஏறி முதலாம் குலோத்துங்கன் ஆனான். அவனுடைய தங்கைக்கும் பெயர் குந்தவை. இங்கேயும் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரே பேத்திக்கு வந்தது. 1114-ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு இவர் தில்லைக் கோயிலுக்குச் செய்த கொடைகளைச் சொல்கிறது. காம்போஜ மன்னன், அதாவது இன்றைய கம்போடியாவின் அரசன், குலோத்துங்கனுக்கு அனுப்பிய ஒரு கல்லைப் பற்றிய செய்தியும் அங்கே இருக்கிறது.

சுமார் 150 ஆண்டுக்குள் நான்கு குந்தவைகள் ஆகிவிட்டார்கள். இரண்டு அரச குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வழியில் இந்தப் பெயரும் போய் வந்துகொண்டிருந்தது. முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கம்தான் அதை உயிரோடு வைத்திருந்தது.

புகழ் சேர்த்தவர் யார்?

நால்வரில் இன்று நாம் நினைவில் வைத்திருப்பது ராஜராஜனின் தமக்கையை. அதற்குக் காரணம் கல்வெட்டுகள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்ன அரசன், முதலில் தன் கொடைகளையும், அடுத்து 'அக்கன்' கொடுத்தவற்றையும், அதற்குப் பிறகே தன் தேவியரும் மற்றவரும் கொடுத்தவற்றையும் வரிசைப்படுத்துகிறான். அக்காளின் கொடைகள் அரசனுடையவற்றைப் போலவே நடுவிமானத்தில் பொறிக்கப்பட்டன. தேவியரின் கொடைகள் பலவற்றுக்குத் திருச்சுற்று மாளிகையில்தான் இடம் கிடைத்தது. அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்பதையும் அந்தக் கல்வெட்டுகளே சொல்கின்றன.

தாய் தந்தை இருவருக்கும் அந்தக் கோயிலில் படிமம் எடுத்து வைத்தார் குந்தவை. தந்தை பெயரில் தஞ்சையில் நடந்த ஆதுலசாலையின், அதாவது மருத்துவமனையின், வைத்தியருக்கு நிலம் விட்டார். திண்டிவனம் பகுதியில் உள்ள தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணர்க்குமாகக் கோயில்கள் எடுத்தார். போளூர் அருகே திருமலையில் உள்ள சமணக் கோயில் இன்றும் குந்தவை ஜினாலயம் என்றே அழைக்கப்படுகிறது.

மறைந்தது எப்படி, திரும்பியது எப்படி?

சோழர் ஆட்சி ஓய்ந்ததும் பெயரும் ஓய்ந்தது. முருகன், மீனாட்சி போல இது ஒரு தெய்வத்தின் பெயராக இருந்திருந்தால் கோயிலும் திருவிழாவும் அதைக் காப்பாற்றியிருக்கும். குடும்பப் பெயர் குடும்பத்தோடு போயிற்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின், கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் 1890-களில் தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார் போன்றோர் அவற்றை வைத்துச் சோழர் வரலாறு எழுதினார்கள். அங்கிருந்து பெயரைக் கதைக்கு எடுத்து வந்தவர் கல்கி.

கல்கி இதை இரண்டு முறை கையாண்டிருக்கிறார். 1940-களின் தொடக்கத்தில் வந்த 'பார்த்திபன் கனவு' தொடரில் நரசிம்ம பல்லவனின் மகள் குந்தவி. அது முழுக்கக் கற்பனைப் பாத்திரம். 1960-இல் அது படமானபோது வைஜயந்திமாலா குந்தவியாக நடித்தார். பிறகு 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரில் உண்மையான சோழ இளவரசி குந்தவை வந்தார். தஞ்சையில் உள்ள அரசு மகளிர் கலைக் கல்லூரியும் குந்தவை நாச்சியார் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வளவு இருந்தும் பெயர் ஏன் பரவவில்லை? முதல் காரணம் பேச்சுத் தமிழ். 'குந்து' என்றால் உட்கார். ஆகவே குந்தவை என்பதைக் 'குந்த வை' என்று பிரித்துக் கேலி செய்ய வகுப்பில் ஒருவன் போதும். இரண்டாவது, வானதியைப் போல வாயில் வழுக்கிக்கொண்டு ஓடும் ஒலி இதற்கு இல்லை. சுருக்கிக் கூப்பிடவும் வசதி குறைவு. மூன்றாவது, பொருள் சொல்ல முடிகிற பெயரையே பெற்றோர் விரும்புகிறார்கள். பூங்குழலி என்றால் உடனே விளங்கும். குந்தவைக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படுகிறது.

வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். எழுத்துப் பிழையாகவோ ஒலிப் பிழையாகவோ போகாத பெயர் இது. குந்தவையின் கனம் வேண்டும், கேலி வேண்டாம் என்பவர்களுக்குக் குந்தவி ஒரு வழி. வீட்டில் கூப்பிட வேறு செல்லப் பெயர் வைத்துக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல.

ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். நடுவில் வரும் 'த'வுக்குச் சிலர் 'டி' எழுத்தும், சிலர் 'டி-எச்' எழுத்துகளும் போடுகிறார்கள். முதலாவதை வடநாட்டார் 'குண்டவை' என்றும் படிக்கக்கூடும். எதுவானாலும் ஒன்றை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழ் முதல் ஆதார், பாஸ்போர்ட் வரை மாற்றாமல் எழுதுங்கள்.

அவசரமும் தேவையில்லை. பிறப்பைப் பதிந்த பிறகு குழந்தையின் பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதுவரை வீட்டில் எல்லோரும் குழந்தையைக் குந்தவை என்று வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். முக்கியமாகப் பாட்டிமாரிடம் கேளுங்கள். அவர்களுடைய பெயரையே பேத்திக்கு வைக்கலாமே என்று அவர்கள் சொல்லக்கூடும். சோழர் வீட்டில் குந்தவை என்ற பெயர் நிலைத்ததும் அந்த வழியில்தான்.