தாழ்ந்த வண்டியும் சாய்ந்த சக்கரமும்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, பலாங்கொடை வழியாக ஏறிச் செல்லும் வீதியிலும், எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கலையை நோக்கி வளைந்து நெளிந்து போகும் வீதியிலும் இன்றைக்கும் ஒரு பழைய மொரிஸ் மைனர் எதிர்ப்படுவதுண்டு. 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்த இவ்வண்டி, 1971ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் உற்பத்தி நின்ற பின்பும் நம் நாட்டை விட்டு நீங்கவில்லை. 1990களில் இதற்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின என்பது நம்மவர்க்குப் பெருமை தரும் செய்தியன்றோ?

இவ்வண்டியை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். துருக்கியில் ஸ்மிர்னா நகரிலே 1906இல் பிறந்த இவரே பின்னாளில் மினி என்னும் சிறு வண்டியையும் படைத்தவர். மைனரின் மாதிரி வண்டி முற்றுப்பெற்ற பின்னர், அது மிகவும் ஒடுங்கியிருப்பதாக அவருக்குத் தோன்றியதாம். உடனே அதை நடுவே இரண்டாக வெட்டுவித்து, நான்கு அங்குலம் அகற்றி வைத்துப் பார்த்து, அந்த அளவே சரியென்று முடிவு செய்தார். மைனரின் முன்மூடியின் நடுவே ஓடும் அகன்ற பட்டை அந்தக் கதையின் அடையாளமேயாகும்.

இக்காலத்து இளைஞர்கள் சிலர் இத்தகைய வண்டியை நிலத்தோடு ஒட்டினாற்போல் தாழ்த்தி ஓட்ட விரும்புகின்றனர். பார்வைக்கு அழகு என்பது ஒன்று. வளைவுகளில் வண்டி சாயாமல் செல்லும் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணத்தில் உண்மை உண்டு. வண்டியின் பாரம் தாழ இருந்தால், திரும்பும்போது அது வெளிப்புறமாகச் சாயும் வேகம் குறையும். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு வரும் வண்டிகள் தாழ்ந்திருப்பதும் இதனாலேயே. ஆனால் வண்டியைத் தாழ்த்தியவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் பாதி வேலையை மட்டுமே செய்தவராவர். மீதிப் பாதி முன்சக்கரங்களின் கோணங்களில் இருக்கின்றது.

அக்கோணங்கள் மூன்று. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ சாய்ந்திருப்பது ‘கேம்பர்’. பக்கத்தில் நின்று பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது ‘காஸ்டர்’. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகவே நேருக்கு வருவதற்குப் பெரிதும் காரணம் இதுவே. மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் சற்றே ஒன்றையொன்று நாடி நிற்பது ‘டோ-இன்’. மைனருக்கு இந்த டோ-இன் ஓர் அங்குலத்தில் 32இல் 3 பங்கு, அதாவது 2.4 மில்லிமீற்றர் மாத்திரமே.

மைனரின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள்வில் அன்று. வண்டியின் நீளவாட்டில் கிடக்கும் முறுக்குக் கம்பி ஒன்று ஒவ்வொரு பக்கத்தையும் தாங்குகின்றது. அதன் முனையிலுள்ள பற்களை இடம் மாற்றிப் பூட்டினால் வண்டி தாழும்; கம்பியின் கடினம் மாறாது. சுருள்வில்லை வெட்டித் தாழ்த்தினாலோ வில்லே கடினமாகிவிடும். அந்த வகையில் மைனர்க்காரர் பாக்கியசாலி என்றே சொல்லவேண்டும். எனினும் சக்கரம் மேலெழும்புவதற்கான இடம் இரண்டிலும் குறைந்துபோகின்றது. தோட்டத்து லயங்களுக்குச் செல்லும் கற்பாதையில் இந்தக் குறைவின் விலையைச் சீக்கிரமே அறியலாம்.

தாழ்த்தியபின் நேர்வது யாது? மேற்கை குறுகியும் கீழ்க்கை நீண்டும் இருப்பதால் சக்கரத்தின் தலை உட்புறமாகச் சாயும். இது சிறிதளவேயானால் வளைவுக்கு நன்மை. மிகுந்தால் டயரின் உள்விளிம்பு தேயும், நேர்வீதியில் பிரேக்கின் பிடிப்பும் குறையும். முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் காஸ்டரும் குறையும். மைனரின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 86 அங்குலம். ஆகவே முன்னால் ஓர் அங்குலம் இறக்கினால் வண்டி முழுவதும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாகை முன்னோக்கிச் சாய்கின்றது. காஸ்டரோ சில பாகைகளுக்குள் அடங்குவது. கணிதம் பயிலும் மாணவர்கள் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

டோ-இன் பிழையோ எல்லாவற்றிலும் கொடிது. தாழ்த்தும்போது ஸ்டியரிங் தண்டின் சாய்வு மாறுவதால் இந்த அளவு கட்டாயம் குலையும். 38 சென்ரிமீற்றர் விட்டமுள்ள விளிம்பில் ஆறு மில்லிமீற்றர் பிழை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று. அப்படியாயின் அந்த டயர் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ எட்டு மீற்றர் தூரம் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்கின்றது. நூறு கிலோமீற்றர் ஓடினால் எண்ணூறு மீற்றர்! சப்பிரகமுவவின் மழையிலே வழுக்கும் வீதியில் அந்தத் தேய்ந்த டயரை நம்பி ஒரு குடும்பம் மலைச்சரிவில் இறங்குகின்றது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

சரிசெய்வதற்கு ஒரு கிரமம் உண்டு. முதலில் தேய்ந்த மூட்டுகளையும் பொதிகளையும் மாற்றவேண்டும். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு அளப்பது வீண். டயர்களுக்குச் சரியான காற்று அடித்து, சமதரையில் நிறுத்தி, இரு பக்க உயரமும் சமமென்று உறுதி செய்யவேண்டும். பின்பு கேம்பரும் காஸ்டரும். டோ-இன் கடைசியிலே, ஏனெனில் மற்றவை மாறினால் இதுவும் மாறும்.

கராஜில் கருவி இல்லாவிடினும் டோ-இன்னை அளக்கலாம். சக்கரங்களின் முன்பக்கத்தில், அச்சின் உயரத்திலே, இரு விளிம்புகளிலும் சோக்கினால் புள்ளியிட்டு இடைவெளியை அளக்கவேண்டும். பின்பு வண்டியை மெதுவாகத் தள்ளிச் சக்கரம் அரைச்சுற்று உருண்டு அதே புள்ளிகள் பின்பக்கம் வந்ததும் மீண்டும் அளக்கவேண்டும். பின்னளவிலிருந்து முன்னளவைக் கழித்தால் கிடைப்பதே டோ-இன். அதே புள்ளிகளைக் கொள்வதனால் விளிம்பிலுள்ள சிறு கோணல் கணக்கைக் கெடுப்பதில்லை. தண்டுகளை இருபுறமும் ஒரே அளவாகத் திருகவேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும்.

இனி, மைனருக்கே உரிய ஓர் அபாயம். முன்சக்கரத்தைத் தாங்கும் ‘ட்ரனியன்’ என்னும் மரையுள்ள மூட்டு கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால், ஒருநாள் மரை விட்டு, சக்கரம் மடிந்து வண்டி முன்பக்கமாக அமர்ந்துவிடும். பெரும்பாலும் இது மெதுவாகச் சென்று திரும்பும்போது நேர்வதால் பலர் தப்பியிருக்கின்றனர். கடுகண்ணாவை இறக்கத்தில் நேர்ந்தால் என்ன ஆகும்? ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும், வண்டியை ஜாக்கியில் உயர்த்திப் பாரத்தை நீக்கிய பின், இம்மூட்டுக்குக் கிரீஸ் ஏற்றவேண்டும். பாரம் இருக்கையில் அடித்தால் கிரீஸ் வேண்டிய இடத்துக்குப் போகாது. தாழ்த்துவதற்குப் பணம் கேட்கும் கராஜ் பாஸிடம் முதலில் இந்த மூட்டை அசைத்துக் காட்டும்படி கேளுங்கள்.

புதிதாகத் தாழ்த்திய வண்டி சில நாள் ஓட்டத்தில் இன்னும் சிறிது அமர்வதுண்டு. ஆகையால் நூறு மைல் ஓடியபின் உயரத்தையும் டோ-இன்னையும் மறுபடி அளந்து, திருகாணிகளை இறுக்கிக்கொள்ள வேண்டும்.