ஜாஸ் இசையைப் படைத்தவர்கள்

எக்காளமும் பியானோவும் முரசும் கூடித் துள்ளி ஓடும் மேல்நாட்டு இசையொன்றை நீங்கள் வானொலியில் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஜாஸ் என்று பெயர். இசை பயிலும் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக் கொடுக்கும்போது, ஆசிரியர்களாகிய நாங்கள் மெட்டோடும் தாளத்தோடும் நிறுத்துவதில்லை. இதனைப் படைத்தவர் யார், பேரும் பணமும் பெற்றவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தார்கள். வேலையின்போது ஒருவர் ஓர் அடியைப் பாட, மற்றவர்கள் பதில் அடி பாடுவார்கள். தோட்ட வேலையின் அலுப்பை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் அவர்களுக்குக் கூலியும் இல்லை, விட்டுப் போகும் உரிமையும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரில், காங்கோ சதுக்கம் என்னும் திடலில், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முரசு கொட்டி ஆடினார்கள். அடிமை முறை 1865இல் ஒழிந்தது. அந்தப் பாட்டும் தாளமும், தேவாலயப் பாடல்களும், ஊர்வல வாத்தியங்களின் இசையும் கலந்து, இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில் அந்நகரில் ஜாஸ் உருவாயிற்று. நம் நாதஸ்வர வித்துவான் ராகத்தை விரிப்பதுபோல, மெட்டை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் மனத்தில் எழுவதை வாசிப்பதே அதன் உயிர்.

சார்லஸ் போல்டன் என்ற கறுப்பினக் கலைஞர் அந்நாளில் ஊரே பேசும்படி கார்னெட் என்னும் குழல் வாசித்தார். அவர் வாசித்தது ஓர் இசைத்தட்டில்கூட நமக்குக் கிடைக்கவில்லை. 1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் வாசித்த ஐவரும் வெள்ளையர்கள். அவர்களும் அதே ஊர்க்காரர்கள்தாம், வாசிக்கத் தெரிந்தவர்கள்தாம். ஆனால் அக்குழுவின் தலைவர் பிற்காலத்தில், ஜாஸ் வெள்ளையரின் படைப்பே என்று வாதாடினார். இசைத்தட்டை மட்டும் சான்றாகக் கொள்ளும் மாணவன் அதை நம்பிவிடக் கூடும்.

ஆகவே ஒரே மெட்டை மூன்று இசைத்தட்டுகளில் வரிசையாகக் கேட்கச் செய்வது நல்லது. 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' அதற்கு மிகப் பொருத்தம். அதனை இயற்றியவர் ஜெல்லி ரோல் மார்ட்டன். கிரியோல் என்ற கலப்பின வகுப்பினர். 1923இல் அதைப் பியானோவில் தனியாக வாசித்துப் பதிவு செய்தார். அடுத்தது ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழு 1928இல் வாசித்தது. ஹெண்டர்சன் இரசாயனத்தில் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். எக்காளக்காரர்கள் ஒரு பக்கம் கேட்க, சாக்ஸபோன்காரர்கள் மறுபக்கம் பதில் சொல்லுமாறு பெரிய வாத்தியக் குழுவுக்கு இசை அமைத்த முன்னோடிகளில் ஒருவர். பருத்திக் காட்டு வேலைப்பாட்டின் கேள்வி பதிலை இதில் பிள்ளைகளே கண்டுபிடித்து விடுவார்கள்.

1934இல் ஹெண்டர்சனின் குழு கலைந்தது. பணமுடையால் தம் இசை அமைப்புகளை பென்னி குட்மனுக்கு விற்றார். மூன்றாவது இசைத்தட்டு, அந்த அமைப்பை வைத்து 1935இல் குட்மன் குழு வாசித்தது. நாடெங்கும் புகழ் பரவி, 'ஸ்விங் மன்னர்' என்ற பட்டம் குட்மனுக்கு வந்தது.

குட்மனைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமன்று. அவரும் சிகாகோ நகரில் ஏழ்மையில் வளர்ந்த, குடியேறிய யூதர் வீட்டுப் பிள்ளை. இரு இனத்தாரும் ஒரே மேடையில் வாசிப்பது அரிதாக இருந்த 1936இல், டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் என்னும் கறுப்பினக் கலைஞர்களைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஹெண்டர்சனுக்குத் தாம் பட்ட கடனையும் அவர் மறைக்கவில்லை. மறந்தது பட்டம் சூட்டிய உலகம்.

கலையை ரசித்தவர்கள் கலைஞனை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கைச் சொல்வோம். 1901இல் நியூ ஆர்லியன்சில் வறுமையில் பிறந்து, எக்காள வாசிப்பால் உலகப் புகழ் பெற்றவர். அவர் குழுவில் வெள்ளையரும் இருந்தார்கள். இரு இனத்தாரும் ஒன்றாக வாசிக்கலாகாது என்று 1956இல் அம்மாநிலம் சட்டம் போட்டது. ஆம்ஸ்ட்ராங் குழுவைப் பிரிக்க மறுத்தார். பிறந்த ஊர் மேடையில் அவர் மீண்டும் வாசித்தது 1965இல்தான்.